ஒரு சொட்டும் சிந்தாமல்

மந்தைவெளி
20.12.94, இரவு

அண்ணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. இந்த வீட்டில் இல்லாத எல்லோரும் நலமாகத்தான் இருப்பார்கள்.

அப்பா தூங்குகிறார். அபயாம்பாள் மாமி வீட்டுப் பின்பக்க பல்பின் வெளிச்சம் நம் ஜன்னல் வழியாக ஒரு முழ அகலத்துக்கு விழுகிறது. அதில் கணக்கு நோட்டை விரித்துவைத்து, அதற்குள் இந்தக் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் நிறுத்திவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். உன் ஓசூர் முகவரியை, நமக்குத் துணி தைக்கிற ஹாஜிரா பீயிடம் வாங்கினேன். நீ அவருக்குப் போட்ட கார்டை, தையல் மெஷின் டிராயரில் வைத்திருக்கிறார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

நீ ஜாக்கி ராடால் அப்பாவின் வலது மணிக்கட்டை உடைத்துவிட்டு ஓடி இருபத்தேழு நாள் ஆகிறது. முழங்கை வரை மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். கட்டுப் போட்ட மெக்கானிக் எதற்கு என்று சேட்டு அவரைப் பட்டறையிலிருந்து அனுப்பிவிட்டார். அதனால் இப்போது வேலை வீட்டுக்கு வந்துவிட்டது. அடையாறு கஸ்தூரிரங்கன் சாரின் பழைய ஃபியட்டை நம் வீட்டை ஒட்டிய ஷெட் வாசலில் அப்பா கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும்.

வீடும் முற்றமும் மாமியுடையதாயிற்றே, அவர் முதலில் சம்மதிக்கவில்லை. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் மாமி சொன்னார்: "இது மார்கழி மாசம், அய்யாதுரை. நான் விடியக்காலம்பற எழுந்துண்டு துளசி மாடத்துலேர்ந்து வாசல் கேட் வரைக்கும் கோலம் போடறவ. முற்றத்துல ஒரு சொட்டு ஆயில் கண்ணுல பட்டா, அன்னிக்கே சாமானை எடுத்துண்டு கிளம்பிடணும். சொல்லிட்டேன்."

"ஒரு சொட்டு விழாது மாமி. நம்ம கைல ஆயில் எதுத்துப் பேசாது" என்று அப்பா சிரித்தார்.

அவர் கை எங்கே இருக்கிறது? என் கைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஸ்பானரை என்னிடம் கொடுத்துவிட்டு, இடது கையில் ரப்பர் டியூபோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். "இன்னாடி முழிக்கிற? கீழ ஒரு சொட்டு கீதுன்னு வை, தோலு உரிஞ்சிரும்" என்கிறார். நேற்று பேட்டரியைக் கழற்றினேன். தண்ணீர்தான் சிந்தியது. அதற்கு நான்கு அடி. பாவாடை மறைக்கிற இடமாகப் பார்த்து அடிக்கிறார். இப்போது எனக்கு விழுவதில் பாதி, நீ இருந்தபோது உன் முதுகில் விழுந்தது. மீதிப் பாதி என்னுடைய பழைய பங்கு.

ஓடி வந்துவிடு என்று எழுதாதே. எனக்கு பஸ் காசு கிடையாது, தைரியமும் கிடையாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். ஒரு சொட்டும் கீழே விழாமல் எஞ்சினை எப்படி வெளியே எடுப்பது? அரைப் பரீட்சை லீவு முழுக்க இதுதான் வேலையாம்.

ஹாஜிரா பீ முகவரிக்கே எழுது.

பாரதி


ஓசூர்
24.12.94

பாரதி,

கடிதத்தைப் பட்டறை வாசலில் நின்றே படித்தேன். படித்துவிட்டு லேத்தில் ஒரு ஷாஃப்டைப் பாழாக்கி முதலாளியிடம் திட்டு வாங்கினேன். அது கிடக்கட்டும்.

அந்த ஆள் கை இன்னும் மாவுக்கட்டோடு இருக்கிறது என்று கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அதைத் தப்பு என்று நீ சொன்னாலும் சரி. உனக்காகத்தான் அடித்தேன். உன் மேல் கை வைப்பதைப் பார்த்துக்கொண்டு எவனால் சும்மா இருக்க முடியும்?

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கவனமாகப் படி.

முதலில் தரை. மரக்கடையில் மரத்தூள் இரண்டு சாக்கு கேள், சும்மாவே கொடுப்பார்கள். வண்டிக்குக் கீழே கோணிப்பை, அதன் மேல் மரத்தூள், அதன் மேல் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடு. பிறகு ஆயிலை வடி. எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்குகிற சம்புக்கு அடியில் இருக்கிற நட்டை ஸ்பானரால் தளர்த்திவிட்டு, மீதியைக் கையால் திருப்ப வேண்டும். திருப்பும்போது நட்டை மேல் நோக்கி அழுத்திக்கொண்டே திருப்பு. மரை முடிந்தது என்று விரலுக்குத் தெரியும். தெரிந்ததும் சட்டென்று பக்கவாட்டில் கையை இழுத்துவிடு. பயந்து மெதுவாக இழுத்தால் முழங்கை வரை வழியும். அகலமான அலுமினிய பேசினைக் கீழே வை. மூன்று லிட்டருக்கு மேல் வராது. கடைசிச் சொட்டுகள்தான் மோசம், அரை மணி நேரம் விட்டுவிடு.

ரேடியேட்டர் தண்ணீரை டியூப் போட்டு வாளிக்கு இறக்கு. ஹோஸைப் பிடுங்கினால் உள்ளே மிச்சம் இருப்பது தெறிக்கும். அதனால் பிடுங்குவதற்கு முன்பே பாலிதீன் கவரை மாட்டி, அதற்குள்ளேயே பிடுங்கு. பெட்ரோல் டியூபின் வாயில் பென்சில் துண்டைச் சொருகு. கியர்பாக்ஸ் வாயையும் கவரால் மூடி சைக்கிள் டியூபால் கட்டு. எஞ்சின் மேலே போகும்போது முன்பக்கம் தூக்கினால் பின்பக்கம் ஒழுகும்.

கழற்றுகிற போல்ட்டை எல்லாம் ஒரே டப்பாவில் போடாதே.

இன்னொன்று. அவருக்கு நேர் எதிரில் நின்று வேலை செய்யாதே. அவருடைய இடது கை வீச வேண்டிய பக்கத்தில் எப்போதும் வண்டியின் மட்கார்டு இருக்கிற மாதிரி நின்றுகொள். அவர் அடித்தால் தகரத்தில் படட்டும்.

குணசீலன்


மந்தைவெளி
30.12.94, இரவு

அண்ணா,

ஆயிலை வடித்துவிட்டேன். நீ சொன்ன மாதிரியே நட்டை மேலே அழுத்திக்கொண்டு திருப்பினேன். விரலுக்குத் தெரிந்தது. சட்டென்று கையை இழுத்தேன். மூன்று லிட்டர் கறுப்பாகப் பேசினில் விழுந்தது, வெளியே ஒரு சொட்டு இல்லை. அப்பா தரையில் குனிந்து கோணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் இரண்டு பரோட்டா வாங்கி வந்து ஒன்றை எனக்குப் பிய்த்துக் கொடுத்தார். "உங்கண்ணன விட உனக்குக் கை சுத்தம்" என்றார். அன்று முழுக்க அடிக்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. சந்தோஷத்தில் அழுதேன். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

மறுநாள்தான் தப்பு நடந்தது. மரக்கடையில் அரைச் சாக்கு மரத்தூள்தான் கிடைத்தது. ஹோஸைக் கழற்றும்போது கவர் கிழிந்து, துருவும் எண்ணெயும் கலந்த தண்ணீர் கோணியைத் தாண்டி முற்றத்தின் சிமெண்டில் ஒரு தட்டு அளவுக்குப் பரவிவிட்டது. அப்பா டீ குடிக்கப் போயிருந்தார். என்ன செய்வது என்று தெரியவில்லை. துளசி மாடத்து விளக்குப் பிறையில் மாமியின் கோலமாவு டப்பா இருந்தது. கல்மாவு. அப்படியே எடுத்துக் கொட்டினேன். மாவு எண்ணெயை நன்றாக உறிஞ்சியது, அண்ணா. கூட்டி அள்ளி, தரையை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கறை தெரியவே இல்லை. டப்பா காலியானதைப் பற்றி அந்த நேரத்தில் எனக்கு நினைப்பே வரவில்லை.

விடியற்காலையில் மாமி வந்து கதவைத் தட்டினார். "நேத்திக்குத்தான் ரெண்டு படி மாவு ரொப்பி வெச்சேன். மார்கழியில கோலம் இல்லாத வாசல் ஆகிப்போச்சேடி! யார் எடுத்தா?"

அப்பா முண்டாசை அவிழ்த்துக்கொண்டே, "கொழந்த வெளாட்டா எடுத்துருக்கும் மாமி. நான் கேக்கறேன்" என்றார். அவ்வளவு மென்மையான குரலில். பிறகு கதவைச் சாத்தினார்.

கேட்கவெல்லாம் இல்லை. என் வாயில் பனியன் வேஸ்டைத் திணித்தார். வண்டி துடைக்கிற, பெட்ரோல் வாடை அடிக்கிற கந்தல். மாமி உள்ளே போனதும் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் என் இடது கையை வண்டியின் ஓரத்தில் வைக்கச் சொன்னார். வைத்தேன். வைக்காவிட்டால் வேறு எங்காவது விழும் என்று தெரியும். தூக்கியிருந்த பானெட்டை அதன் மேல் விட்டார். இரண்டு விரல் நகம் போய்விட்டது. அதற்குப் பிறகு டியூப். எத்தனை அடி என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் "படில வழுக்கி உயுந்துட்டா சார்" என்று அவரே சொன்னார்.

வலது கையால்தான் எழுதுகிறேன், கவலைப்படாதே.

நீ எழுதிய ஒன்று பொய். எனக்காக அடித்தேன் என்று எழுதியிருந்தாய். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என்னை அடித்தார். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். திங்கட்கிழமை அடித்தார். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தாய். புதன்கிழமை உன் புதுச் சட்டையைக் கிழித்தார். அப்போதுதான் ஜாக்கி ராடை எடுத்தாய்.

பாரதி


ஓசூர்
6.1.95

பாரதி,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. தூங்கவில்லை. கண்ணை மூடினால் பானெட் விழுகிற சத்தம் கேட்கிறது.

இனி நான் சொல்வதை மட்டும் செய். எஞ்சினைத் தூக்க அவரிடம் செயின் பிளாக் இல்லை, அதை விற்றுக் குடித்தாயிற்று. வாடகைக்கும் எடுக்க மாட்டார். பட்டினப்பாக்கத்தில் மீன்பிடிக்கிற மரியசெல்வத்திடம் படகுக் கப்பி இரண்டு வாங்கி, ஷெட் வாசல் இரும்பு உத்தரத்தில் கட்டிக் கயிற்றால்தான் தூக்குவார். எனக்குத் தெரியும், இரண்டு தடவை நான்தான் இழுத்தேன். இழுத்த கயிற்றை இரும்புத் தூணில் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடிக்கச் சொல்வார். மூன்று சுற்று இருந்தால் குழந்தை பிடித்தாலும் எஞ்சின் நிற்கும். ஒரு சுற்றுத்தான் இருந்தால் யாராலும் நிறுத்த முடியாது.

எஞ்சின் அரை அடி மேலே வந்ததும் கிளட்ச் கம்பி எங்காவது மாட்டிக்கொள்ளும். எப்போதும் மாட்டும். அவர் தலையை உள்ளே விட்டு அதை எடுப்பார். எஞ்சின் அவர் கழுத்துக்கு நேர் மேலே தொங்கும். கயிறு உன் கையில் இருக்கும்.

இரண்டு சுற்றைக் கழற்றிவிடு.

கை வழுக்கிவிட்டது என்று சொல். ஒன்பதாவது படிக்கிற பெண்ணை, நகம் போன கையோடு இருப்பவளை, ஒருவனும் ஒரு கேள்வி கேட்க மாட்டான். ஒரு நிமிஷ வேலை. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க யாரும் உன்னைத் தொட மாட்டார்கள். நான் பார்த்துக்கொள்வேன்.

குணா


ஓசூர்
7.1.95

பாரதி,

நேற்று போட்ட கடிதத்தை எரித்துவிடு. படித்துவிட்டாயா? படிக்காவிட்டால் பிரிக்காமலே எரித்துவிடு. குடித்திருந்தேன். ஆமாம், நானும் குடிக்க ஆரம்பித்திருக்கிறேன். அதை உனக்கு இப்படியா சொல்ல வேண்டும்.

அதைச் செய்யாதே. செய்தால் அந்தச் சத்தம் உனக்குள்ளேயே இருக்கும். அவர் மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது, அது வெறும் மணிக்கட்டு.

சட்டை விஷயம் நிஜம்தான். ஞாயிறும் திங்களும் நான் சாப்பிட்டுக்கொண்டும் ரேடியோ கேட்டுக்கொண்டும்தான் இருந்தேன். எனக்கு விழாமல் உனக்கு விழுகிறதே என்று உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. எழுதிவிட்டேன், இந்த வரியைக் கோடு போட்டு அழிக்காமல் விடுகிறேன்.

பொங்கலுக்கு லீவு கேட்டேன், தரவில்லை. தை பிறந்து பத்து நாளில் வருகிறேன். அதுவரை எஞ்சினுக்குக் கீழே நீயும் போகாதே. "உள்ள கைய வுட்டு எடுடி" என்று அவர் சொன்னாலும் போகாதே.

குணசீலன்


ஹாஜிரா பீ வீடு
17.1.95, இரவு

அண்ணா,

ஆறாம் தேதி கடிதம் பத்தாம் தேதியே கிடைத்தது. ஏழாம் தேதி கடிதம் இன்று காலையில்தான் கிடைத்தது. நடுவில் ஹாஜிரா பீ தன் மகள் வீட்டுக்கு ஆம்பூர் போயிருந்தார். தபால்காரர் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போன கடிதத்தை நேற்றிரவு திரும்பி வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார். ஆகவே பொங்கல் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் உன்னுடைய ஆறாம் தேதி கடிதம் மட்டும்தான். அதை நாலு நாள் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். இரண்டு சுற்றைக் கழற்றிவிடு. கை வழுக்கிவிட்டது என்று சொல்.

பொங்கல் அன்று படகுகள் கடலுக்குப் போகவில்லை. அதனால்தான் கப்பி கிடைத்தது. சாயங்காலம் தானே வந்து எடுத்துக்கொண்டு போவதாக மரியசெல்வம் சொல்லியிருந்தார். மாமி விடியற்காலையில் துளசி மாடத்திலிருந்து கேட் வரைக்கும் பொங்கல் பானையும் கரும்புமாகக் கோலம் போட்டு, ஓரமெல்லாம் காவி கட்டியிருந்தார். எங்கள் கோணி அதன் ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.

நீ எழுதிய மாதிரியே எல்லாம் நடந்தது. அப்பா இடது கையாலும் நான் இரண்டு கையாலும் இழுத்தோம். எஞ்சின் அரை அடி மேலே வந்ததும் கிளட்ச் கம்பி மாட்டியது. என்னைத் தூணுக்கு அனுப்பி மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னார். பிறகு குனிந்து தலையையும் தோளையும் உள்ளே விட்டார். பின்கழுத்து தெரிந்தது. சட்டைக் காலர் அழுக்காக இருந்தது.

ஒரு சுற்றைக் கழற்றினேன்.

கயிறு ஒரு சாண் நழுவியது. எஞ்சின் இறங்கி அவர் தோளைத் தொட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கயித்த இறுக்குடி சனியனே, தூங்கறியா?" என்றார். அவ்வளவுதான். என்னால் அவரை ஏதாவது செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது சுற்றில் கை வைத்தேன். உன் வரி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கை வழுக்கிவிட்டது என்று சொல். அப்போது ஆஸ்பத்திரியில் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. படில வழுக்கி உயுந்துட்டா சார். அவர் பொய்யும் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த பொய்யும் ஒரே குரலில் இருந்தன. கழற்றிய சுற்றைத் திரும்பச் சுற்றினேன். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. அவர் வெளியே வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

முழுதாக மேலே ஏற்றிக் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு, வண்டியைப் பின்னால் தள்ளி, எஞ்சினைப் பழைய டயர் மேல் இறக்கினோம். இறங்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து, கட்டியிருந்த கவரின் விளிம்பு வழியாக ஒரு சொட்டு விழுந்தது. கோணி மேல் இல்லை. கோலத்துக் கரும்பு இலையின் நுனியில்.

ஒரே ஒரு சொட்டு. மிளகு அளவு.

அப்பா அதைப் பார்த்தார். மாமி வீட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு மாவுக்கட்டுக் கையால் என் காதில் அறைந்தார். அந்தக் காதில் இன்னும் இரைச்சல் நிற்கவில்லை. கீழே விழுந்தேன். வேஸ்டை எடுத்துக்கொண்டு என் வாய்ப்பக்கம் வந்தார். "உள்ள வா" என்று மெதுவாகச் சொன்னார்.

பக்கத்தில் பேசின் இருந்தது. வடித்த ஆயிலை மறுபடி ஊற்றலாம் என்று அவர் எடுத்து வைத்திருந்தார். அதற்கு முன் என்ன நினைத்தேன் என்று கேட்காதே, எதுவும் நினைக்கவில்லை. காலால் உதைத்தேன். மூன்று லிட்டரும் கோலத்தின் மேல் போயிற்று. பானை, கரும்பு, காவி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு சரிவில் ஓடி கேட்டுக்கு வெளியே தெருவில் இறங்கியது. என்னால் முடிந்த வரைக்கும் கத்தினேன். வாயில் எதுவும் இல்லாமல் கத்துவது எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தேன்.

தெருவில் எல்லா வாசலிலும் பொங்கல் பானை வைத்திருந்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள். அப்பாவுக்கு ஆயில் மட்டும்தான் கண்ணில் தெரிந்தது என்று நினைக்கிறேன். டியூபை எடுத்துக்கொண்டு வந்து, முப்பது பேர் பார்க்க, அடித்தார். எண்ணினேன். மூன்று. நான்காவதுக்குக் கை ஓங்கியபோதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார். கேட் நிறைய ஆட்கள்.

மாமி முதலில் "என் கோலம்! பாவி, என் கோலம்!" என்றுதான் அலறினார். பொய் சொல்லமாட்டேன், முதலில் கோலத்துக்காகத்தான் அழுதார். பக்கத்தில் வந்ததும் என் கையைப் பார்த்தார். பாவாடை ஏறியிருந்த இடத்தில் காலைப் பார்த்தார். மடிசாரோடு அந்த ஆயிலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா, "கால் வழுக்கி..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல. அவரு அடிச்சாரு. தெனமும் அடிக்கிறாரு. நகத்தப் பேத்தது அவருதான்" என்று சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அண்ணா, சொல்வதற்கு அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

கப்பியை எடுக்க வந்த மரியசெல்வம்தான் முதலில் உள்ளே வந்தார். அப்பாவின் இடது கையைப் பிடித்து முறுக்கி டியூபைப் பிடுங்கினார். "இன்னா நைனா, பொண்ண அடிக்கவா என் கப்பிய வாங்கினு போன?" என்று கேட்டுவிட்டு அவரைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார். அப்புறம் இன்னும் நாலைந்து பேர் கை வைத்தார்கள். அவர் வாயிலிருந்து ரத்தம் வந்தது. அதை நான் வேடிக்கை பார்த்தேன். போதும் என்று சொல்லவில்லை. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

போலீஸ் ஸ்டேஷனில் அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு மறுநாள் விட்டுவிட்டார்கள். டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ராத்திரியில் தெருவில் யாராவது செருப்பை இழுத்துக்கொண்டு நடந்தால் இப்போதும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். முதல் இரண்டு நாள் மரியசெல்வம் வீட்டில் இருந்தேன். நேற்றிரவு ஹாஜிரா பீ வந்து, "கொமரிப் பொண்ண நான் வெச்சிக்கிறேன்" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டையும் ஷெட்டையும் பூட்டிவிட்டு சாவியை மாமி வாங்கிக்கொண்டார். என் புத்தகங்களை மட்டும் அவரே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். முற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது, போவேன்.

பத்து நாளில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வா. ஆனால் அப்பாவைத் தேடிக்கொண்டு வராதே, என்னைப் பார்க்க வா. குடிக்காமல் வா. நான் உன்னோடு ஓசூருக்கு வருவேனா என்பதை நீ வந்த பிறகு நான் முடிவு செய்வேன்.

ஏழாம் தேதி கடிதத்தை நாலு தடவை படித்தேன். அதில் உண்மை எழுதியிருந்தாய்.

ஆறாம் தேதி கடிதத்தை எரிக்கச் சொன்னாய். எரிக்கவில்லை. புவியியல் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்திருக்கிறேன். என்றைக்காவது நீ என் மேல் கை ஓங்கினால், அதை எடுத்து உனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன்.

ஜெயபாரதி